பந்தியைப் பிரிக்காதே, சமையலை மாற்று

"அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு வீட்டிலிருந்தே டப்பா கொடுத்துவிடுங்கள், தனியாக உட்கார்ந்து சாப்பிடட்டும்." இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் மாலைநேரப் பாடசாலைகளிலும் இதுதான் நடைமுறை. நம் தோழர்கள் நடத்தும் குழந்தைகள் கூடுகைகளிலும் இதுவே நடக்கிறது. இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பந்தியிலிருந்து ஒரு குழந்தையை எழுப்பித் தனியே உட்கார வைக்கும் முன், வேறு என்ன வழி இருக்கிறது என்று யோசித்தோமா? சாதி ஒழிப்பு பேசுகிற நாம் மற்ற எல்லோரையும் விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் கேட்பதில்லை. டப்பா சுலபம் என்பதால் டப்பாவைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எங்கள் பகுதியில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் கோடை முகாமில் நான்கு வருடமாக நான் சமையல் பொறுப்பில் இருக்கிறேன். பத்து நாள், அறுபது குழந்தைகள். சேரிப் பிள்ளைகள், ஊர்த் தெருப் பிள்ளைகள், அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்த முகாமின் முதல் விதி. பாட்டு, நாடகம், அறிவியல் எல்லாம் அதற்குப் பிறகு. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பிள்ளைகள் அலர்ஜியோடு வருகிறார்கள். ஒருத்திக்கு நிலக்கடலை. ஒருவனுக்கு முட்டை. இன்னொருவனுக்குக் கோதுமை. இந்த வருடத் திட்டமிடல் கூட்டத்தில் இரண்டு கருத்துகள் வந்தன. "அலர்ஜிக் குழந்தைகள் டப்பா கொண்டு வரட்டும்" என்பது ஒன்று. "எதற்கு வம்பு, எல்லோருமே வீட்டுச் சாப்பாடு கொண்டு வரட்டும்" என்பது இன்னொன்று. இரண்டாவது கருத்தைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

முதலில் அலர்ஜி என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். உணவில் இருக்கிற ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று தவறாக எடுத்துக்கொண்டு தாக்குவதுதான் உணவு அலர்ஜி. நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா, எள், முந்திரி, பாதாம் ஆகியவை உலகம் முழுக்க அதிகம் பேசப்படுபவை. தோல் தடிக்கலாம், உதடு வீங்கலாம், வாந்தி எடுக்கலாம். மோசமாகப் போனால் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, நிமிடக் கணக்கில் உயிர் போகலாம். இதை அனாஃபிலாக்சிஸ் என்கிறார்கள். பால் குடித்தால் வயிறு உப்புவது இதுவல்ல, அது பால் சர்க்கரை செரிக்காத சங்கதி. பிடிக்காத காய்கறியைத் தட்டில் ஒதுக்குவதும் இதுவல்ல. இந்தியாவில் இந்த எண்ணிக்கை குறைவுதான். கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், உறுதியாகச் சொல்லக்கூடிய உணவு அலர்ஜி ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றாலும் அது ஆயிரக்கணக்கான தட்டு.

இந்த இடத்தில் நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். "அலர்ஜி என்பதே சாதிக்காரன் கண்டுபிடித்த புதுச் சாக்கு இல்லையா?" இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதி இன்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தீட்டு" என்று பச்சையாகச் சொன்னால் வழக்கு வரும் என்பதால் "ஒத்துக்காது" என்கிறது. "சுத்தமா இருக்காது", "குழந்தைக்கு வயிறு சரியில்லை", "வீட்டுச் சாப்பாடுதான் பழக்கம்" என்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் தலித் பெண் சமைத்ததை ஆதிக்க சாதி மாணவர்கள் சாப்பிட மறுத்தார்கள். 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவானபோது கரூர், தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் அதே கதை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. உப்புமாவில் என்ன போட்டார்கள் என்று அங்கே யாருக்கும் பிரச்சினை இல்லை. யார் கிண்டினார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஆகவே பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மா "இதில் என்ன போட்டீர்கள்?" என்று கேட்பார். சாதிக்காரர் "இதை யார் செய்தது?" என்று கேட்பார். முன்னவருக்கு நிலக்கடலை இல்லை என்று தெரிந்தால் போதும், பிள்ளையை நிம்மதியாக உட்கார வைப்பார். பின்னவருக்குச் சட்டியில் என்ன இருந்தாலும் நிம்மதி வராது. அலர்ஜிக்குச் சாதி தெரியாது. யார் வறுத்தாலும் நிலக்கடலை நிலக்கடலைதான், அக்ரகாரத்தில் வறுத்தாலும் தொண்டை அடைக்கும்.

சாக்கு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அலர்ஜியையே நம்ப மறுத்தால் அடி யார் மீது விழும்? வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு நிபுணர் இருக்கிறார், ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கையில் ஒரு சான்று இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக் குழந்தைக்கு இதில் ஒன்றும் இல்லை. முட்டை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்தால் "சூடு" என்பார்கள். கடலைமிட்டாய் தின்றதும் மூச்சு இழுத்தால் "வீசிங்" என்பார்கள். அந்தக் குழந்தையிடம் இருக்கிற ஒரே சான்று அதன் வாய்ச்சொல். "டீச்சர், இதைச் சாப்பிட்டா நாக்கு அரிக்குது" என்று அது சொல்லும். அதற்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? "இலவசமா கிடைக்குது, கொடுத்ததைத் தின்னு." அலர்ஜி பணக்கார நோய் என்று சொல்லும் தோழர் இந்தப் பதிலைத்தான் முற்போக்கு மொழியில் மறுபடி சொல்கிறார். நோய்க்கு வசதி தெரியாது. நோயைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வசதி வேண்டியிருக்கிறது.

சேர்ந்து உண்பது நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இளைய வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் செறாயியில் 1917இல் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்து உணவு உண்ணச் செய்தார். அதற்காக அவரைச் சொந்தச் சாதியே ஒதுக்கியது, 'புலையன் அய்யப்பன்' என்று இழிவாக அழைத்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு கொடுக்க முடிவெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலம் வெடித்தது. காங்கிரஸ் பணத்தில் வ.வே.சு. அய்யர் நடத்திய அந்தக் குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். இரண்டே பிள்ளைகள்தானே என்று பெரியார் விட்டுவிடவில்லை. தனி இலை போட்ட இடத்தில் என்ன பாடம் நடத்தினாலும் அந்த இலை நடத்துகிற பாடம்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது நமக்கு அங்கே கிடைத்த பாடம்.

சேர்ந்து சாப்பிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சமபந்தி உணவு மட்டும் சாதி உணர்வைக் கொல்லாது என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். சேர்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாதிக்குள் திருமணம் செய்கிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் சமபந்தி போதாது என்பதை வைத்து, பந்தியைக் கலைத்தாலும் பரவாயில்லை என்று வாதாட முடியாது. "எல்லோரும் வீட்டுச் சாப்பாடு கொண்டு வரட்டும்" என்ற அந்த நிம்மதியான யோசனை கலைப்பது அந்தப் பந்தியைத்தான். நூறு வருடப் போராட்டத்தில் ஒரு வரிசையில் வந்து உட்கார்ந்தவர்களை அறுபது டப்பாக்களாகப் பிரித்து வீட்டுக்கு அனுப்புகிற யோசனை அது. ஒருவன் டப்பாவில் நெய்ச் சோறும் பக்கத்திலிருப்பவன் டப்பாவில் பழைய சோறும் இருக்கும். யார் டப்பாவிலிருந்து யார் எடுக்கலாம் என்பதைப் பிறகு சாதி தீர்மானிக்கும். ஒரு குழந்தையின் அலர்ஜியை இதற்குக் காரணமாகக் காட்டுவது அந்தக் குழந்தைக்கும் அநியாயம்.

நான் மிகவும் பயப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு தலித் பெண் சமைக்கிற பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனப் போராட்டத்துக்குப் பிறகு ஊர்த் தெருப் பிள்ளைகளும் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருநாள் ஒரு பிள்ளைக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறுகிறது. காரணம் அரைத்துவிட்ட நிலக்கடலையாக இருக்கலாம். ஊர் என்ன சொல்லும்? "அவ சமைச்சதுதான்" என்று சொல்லும். பட்டியலில் இருந்த பொருளைத்தான் அவர் சமைத்தார், அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதெல்லாம் எடுபடாது. நாற்பது வருடம் தேடிக்கொண்டிருந்த சாக்கு ஒரே நாளில் கிடைத்துவிடும். அலர்ஜியைப் பற்றிச் சமையலறைக்குத் தகவல் சொல்வதும், பயிற்சி கொடுப்பதும், எழுதி வைப்பதும் குழந்தையின் உயிரைக் காப்பாற்றும் வேலை. அதே அளவுக்கு அந்தப் பெண்ணின் வேலையையும் மானத்தையும் காப்பாற்றும் வேலை. சாதி ஒழிப்பு இயக்கங்கள் அலர்ஜியைத் தங்கள் பிரச்சினையாக எடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஜப்பானில் பள்ளி மதிய உணவு நம்முடையதைப் போலவே சேர்ந்து சாப்பிடுகிற உணவு. பிள்ளைகளே பரிமாறி, வகுப்பிலேயே ஒன்றாக உண்பார்கள். 2012 டிசம்பரில் டோக்கியோவை ஒட்டிய சோஃபு நகரில், பால் அலர்ஜி இருந்த ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்துபோனாள். அவளுக்கென்று பாலாடைக்கட்டி இல்லாமல் செய்த பணியாரத்தை முதலில் சரியாகத்தான் கொடுத்தார்கள். அவள் இரண்டாவது முறை கேட்டபோது எல்லோருக்கும் செய்ததிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் பாலாடைக்கட்டி இருந்தது. அட்ரினலின் ஊசி போடவும் தாமதமானது. அந்த நாடு அதற்குப் பிறகு மதிய உணவை நிறுத்தவில்லை. எங்கே ஓட்டை என்று விசாரித்தது. 2015இல் கல்வி அமைச்சகம் பள்ளி உணவு அலர்ஜிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சமையலறை, வகுப்பறை, பெற்றோர் என மூன்று இடத்திலும் பொருள் பட்டியல் சரிபார்க்கப்பட வேண்டும், ஆசிரியருக்கு ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. ஒரு குழந்தை செத்த பிறகும் பந்தியை வைத்துக்கொண்டு நடைமுறையைத்தான் மாற்றினார்கள்.

"அதெல்லாம் ஜப்பான். அறுபது பேருக்கு அண்டாவில் சமைக்கிற இடத்தில் முடியுமா?" என்று கேட்டால், முடியும். நாங்கள் செய்கிறோம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறோம்: எந்தச் சாப்பாடு சாப்பிட்டால் உதடு வீங்கும், உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும்? "அலர்ஜி உண்டா" என்று மட்டும் கேட்டால் பாதி வீடுகளில் இல்லை என்பார்கள், அந்தச் சொல்லே அவர்கள் வீட்டுக்குப் போயிருக்காது. பிறகு அந்த வீட்டுக்காரர்களையும் சமையல் செய்யும் அக்காக்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து உணவுப் பட்டியல் போடுகிறோம். சமையல்காரரை விட்டுவிட்டு நடக்கிற அலர்ஜிக் கூட்டம் வெறும் பேச்சு. சட்டினியில் அளவு கூட்ட எதைச் சேர்க்கிறார்கள், எந்தப் பொடி எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குப் பலவற்றைக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கும், ஆகவே கோதுமை ஆகாத பிள்ளைக்குச் சாம்பாரும் ஆகாது. டப்பாவில் பொருள் பட்டியல் போட்டிருக்கும், படித்தால் தெரியும். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை போன்றவை இருந்தால் உறையில் சொல்ல வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ரவையும் சேமியாவும் கோதுமைதான். இட்லிப் பொடியில் எள் இருக்கும், சில கடைப் பொடியில் நிலக்கடலையும் இருக்கும். மரச்செக்குக் கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், கடலை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அது ஆகாது.

இதற்கெல்லாம் நாங்கள் வைத்திருக்கிற விதி எளிமையானது. சட்டியில் கரைந்து கலந்துவிடுகிற பொருளை எல்லோருடைய சட்டியிலிருந்தும் எடுத்துவிடுகிறோம். தட்டில் தனியாக வைக்கக்கூடிய பொருளைத் தனியாக வைக்கிறோம். கடலை அலர்ஜி உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பத்து நாளும் எங்கள் சமையலறைக்குள் நிலக்கடலையும் கடலை எண்ணெயும் வராது. சட்டினிக்குப் பொட்டுக்கடலையும் தேங்காயும் போதும், அதையும் அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம், ஏனென்றால் சிலருக்கு மற்றப் பயறு வகைகளும் ஆகாது. பெருங்காயத்தைச் சாம்பாரில் போடாமல் விட்டால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. முட்டையை அவித்துத் தனியாகக் கொண்டுவந்து, தனிக் கரண்டியில், கடைசியில் வைக்கிறோம். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு முதலில் பரிமாறுகிறோம். இரண்டாவது முறை கேட்டாலும் பட்டியலைப் பார்த்துத்தான் வைக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது.

பல பொருள் ஒன்றாக ஆகாத குழந்தைகள் உண்டு. ஒரு துளி பட்டாலே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டு டப்பாதான் பாதுகாப்பு என்று மருத்துவர் சொன்னால் டப்பா வரட்டும். டப்பா தனியாக இருக்கலாம், இடம் தனியாக இருக்கக் கூடாது. வரிசையின் நடுவில் நண்பர்களுக்கு மத்தியில் அந்தக் குழந்தை உட்காரும். பக்கத்தில் இருப்பவர்களின் தட்டில் அதற்கு ஆபத்தான பொருள் இருக்காது. யாராவது விலகித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தக் குழந்தை விலகாது, முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் நானும்தான் வெளியே போவோம்.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, மயக்கம் வந்தாலோ அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை கூடாது. அந்த மாத்திரை அனாஃபிலாக்சிஸை நிறுத்தாது. தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. பிள்ளையை எழுந்து நடக்க வைக்காமல் படுக்க வைத்து, மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும். அட்ரினலின் விலை அதிகமில்லாத பழைய மருந்து. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பதுதான்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் ஓடிவரும். "பார்த்தீர்களா, முட்டையால் அலர்ஜி வருகிறது, அதனால் முட்டையை நிறுத்துங்கள்." இவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்க மறுத்தார். 2021இல் கர்நாடகத்தில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்து நின்றார்கள். வெங்காயமும் பூண்டும் இல்லாத மதிய உணவை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற நிறுவனமும் இந்த நாட்டில் இருக்கிறது. அந்தத் தடைகள் எதுவும் எந்தக் குழந்தையின் உடலிலிருந்தும் வந்தவை இல்லை. சாமியார்களின் நம்பிக்கைக்காகப் பசித்த குழந்தைகளின் தட்டிலிருந்து புரதத்தை எடுக்கிறார்கள், அதற்கு யாரும் செலவு கணக்கோ சிரமக் கணக்கோ பார்ப்பதில்லை. ஒரு குழந்தையின் உயிருக்காக ஒரு சட்டியில் கடலை வேண்டாம் என்றால் மட்டும் "நடைமுறைச் சாத்தியம் இல்லை" என்கிறார்கள்.

நம் நிலைப்பாடு தெளிவாக இருக்கட்டும். முட்டை வேண்டும், வாரம் ஐந்து நாளும் வேண்டும். 1989இல் தொடங்கிப் போராடி வந்த முட்டை அது. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு மாற்று வேண்டும். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் முட்டை வேண்டாம் என்பவருக்கு மாற்று கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, உடலின் பேரில் ஒரு பொருள் ஆகாது என்பவருக்கு மாற்று கொடுக்கத் தெரியாதா? காலை உணவுப் பட்டியலில் அரிசி உப்புமாவும் பொங்கலும் இருக்கின்றன. ரவை ஆகாத பிள்ளை இருக்கிற பள்ளியில் அன்றைக்கு எல்லோருக்கும் அரிசி உப்புமா கிண்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆகவே அரசிடம் கேட்போம். பள்ளி மருத்துவப் பரிசோதனையில் உணவு அலர்ஜி பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும், சந்தேகமுள்ள பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் இலவசப் பரிசோதனை வேண்டும். அன்றைய உணவில் என்னென்ன பொருள் என்பதைப் பள்ளியில் எழுதிப் போட வேண்டும். அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எல்லோருக்கும் ஊதியத்தோடு பயிற்சி வேண்டும். சம்பளத்தைக் கூட்டாமல் பொறுப்பை மட்டும் கூட்டக் கூடாது. பள்ளிகளில் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னதை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். மருத்துவர் சொல்லாமல் "ஒத்துக்காது" என்று கூட்டமாகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுப்பவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. அடுத்த அம்பேத்கர் பிறந்தநாளுக்கோ பெரியார் பிறந்தநாளுக்கோ உங்கள் தெருவில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவீர்கள். அண்டாவை அடுப்பில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். சமைக்கிற அக்காவையும் கூட அழைத்துப் போங்கள். யாருக்கு எது ஆகாது என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலை வைத்து என்ன சமைப்பது என்று முடிவெடுங்கள்.